‘ஜூகோ’ என்றால் என்ன? தமிழில் எப்படிச் சொல்வது?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் செய்திகளைப் படிக்கிறவர்கள் கண்ணில் அடிக்கடி படும் சொல் ஜூகோ. “அவர் ஜூகோவிலிருந்து வந்தவர்”, “அந்த அணி இந்த ஆண்டு ஜூகோ வீரர்களைத் தேடுகிறது” என்று எழுதுவார்கள். ஜூனியர் காலேஜ் என்ற இரு சொற்களின் முதல் அசைகளைச் சேர்த்தால் கிடைப்பது இது. நேர்ப்பொருள், இரண்டாண்டுக் கல்லூரி. அகராதி அதோடு நின்றுவிடும். விளையாட்டுக்காரர்கள் வாயில் வரும்போது இந்தச் சொல்லுக்குள் இன்னும் மூன்று கேள்விகள் அடங்கியிருக்கும்: யார் காசில் ஆடுகிறார், எத்தனை பருவம் ஆடலாம், பிறகு எங்கே போவார். தமிழில் இதற்குச் சொல் தேடுகிறவர்கள் இந்தப் பணக்கணக்கைத் தெரிந்துகொள்ளாமல் தேடினால் சரியான சொல் அமையாது என்பது என் கருத்து.

முதலில் பிறப்பு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் 1890களில் பட்டப்படிப்பை நடுவில் பிரித்தார். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஜூனியர் காலேஜ், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு சீனியர் காலேஜ் என்ற பெயர்கள் 1896-இல் வந்தன. முதல் பாதியைப் பல்கலைக்கழகத்துக்கு வெளியேயும் நடத்தலாம் என்ற எண்ணம் அப்படியே வளர்ந்து, 1901-இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில், உயர்நிலைப் பள்ளியை ஒட்டி, 6 மாணவர்களோடு ஒரு கல்லூரி ஆனது. ஜோலியட் ஜூனியர் காலேஜ் இன்றும் அதே பெயரில் நடக்கிறது. மற்றவற்றில் பெரும்பாலானவை பெயரை மாற்றிக்கொண்டன. அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்வி ஆணையம் 1947-இல் கம்யூனிட்டி காலேஜ் என்ற பெயரைப் பரப்ப, ‘ஜூனியர்’ பெயர்ப்பலகைகளிலிருந்து மெல்ல இறங்கியது.

விளையாட்டில் மட்டும் அது இறங்கவில்லை. கலிபோர்னியாவின் இரண்டாண்டுக் கல்லூரிகள் 13 சேர்ந்து, என்.சி.ஏ.ஏ. நடத்தும் தடகளப் போட்டியில் தங்கள் மாணவர்களும் ஓட அனுமதி கேட்டன. நான்காண்டுக் கல்லூரிகளின் சங்கமான அது மறுத்துவிட்டது. மறுக்கப்பட்டவர்கள் 1937-இல் ஃபிரெஸ்னோ நகரில் கூடி, தங்களுக்கென்று தனிச் சங்கம் அமைக்க முடிவு செய்தார்கள். 1938-இல் அதன் விதிகள் ஏற்கப்பட்டன. 1939-இல் சாக்ரமென்டோவில் முதல் தடகளப் போட்டி நடந்தது. அதுதான் தேசிய ஜூனியர் காலேஜ் விளையாட்டுச் சங்கம், சுருக்கமாக என்.ஜே.சி.ஏ.ஏ. கல்லூரிகள் பெயரை மாற்றிய பிறகும் சங்கத்தின் பெயரில் ‘ஜூனியர் காலேஜ்’ தங்கிவிட்டதால், ஜூகோவும் தங்கிவிட்டது. அந்தக் காலத்தில்தான் பசடினா ஜூனியர் காலேஜில் ஜாக்கி ராபின்சன் நீளம் தாண்டினார், அமெரிக்கக் கால்பந்தும் பேஸ்பாலும் கூடைப்பந்தும் ஆடினார். பேஸ்பாலில் நிறவெறிச் சுவரை உடைத்த அவரும் ஜூகோவிலிருந்து வந்தவர்தான். ‘வேறு இடம் கிடைக்காதவன் போகும் இடம்’ என்ற இளக்காரத்தோடு இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறவர்கள் அவரை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனி பணம். என்.ஜே.சி.ஏ.ஏ. கல்லூரிகள் மூன்று பிரிவாக ஆடுகின்றன. பள்ளி மாணவர்களைப் போல வயதாலோ திறமையாலோ பிரித்ததல்ல இது. மாணவருக்குக் கல்லூரி எவ்வளவு தரலாம் என்பதே எல்லைக்கோடு. முதல் பிரிவில் படிப்புக் கட்டணம், இதரக் கட்டணங்கள், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் எல்லாவற்றையும் கல்லூரி ஏற்கலாம். பாடப் பொருள்களுக்கு 250 டாலர் வரை தரலாம். ஆண்டுக்கு ஒரு தடவை வீட்டுக்கும் கல்லூரிக்கும் நேர்வழியில் போய்வரும் செலவையும் தரலாம். ‘நேர்வழியில்’ என்று விதியே சொல்கிறது. அந்த அளவுக்குக் கணக்குப் பார்க்கிறார்கள். இரண்டாம் பிரிவில் தங்குமிடமும் சாப்பாடும் கிடையாது. கட்டணங்களும் புத்தகமும் பாடப் பொருள்களும் மட்டும். மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று எதுவும் தரக்கூடாது. இந்தச் சங்கத்தைத் தொடங்கிவைத்த கலிபோர்னியாக் கல்லூரிகளோ பின்னாளில் விலகித் தனிச் சங்கம் வைத்துக்கொண்டன. அங்கே எந்தக் கல்லூரியும் விளையாட்டுக்காக உதவித்தொகை தருவதில்லை. ஆக, என்.ஜே.சி.ஏ.ஏ.-வில் இருக்கும் கான்சஸ் மாநில ஜூகோவும் கலிபோர்னியா ஜூகோவும் சொல்லளவில்தான் ஒன்று. மாணவரின் பையில் அவை வேறு வேறு.

கல்லூரிக்கு அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? பெரிய பல்கலைக்கழகங்களைப் போல தொலைக்காட்சி ஒப்பந்தமோ, லட்சம் பேர் உட்காரும் அரங்கமோ இவற்றுக்கு இல்லை. நுழைவுச்சீட்டு விற்று வரும் பணம் நடுவர் சம்பளத்துக்குக் காணுமா என்பதே சந்தேகம். பெரும்பங்கு கல்லூரியின் பொது நிதியிலிருந்து, அதாவது வட்டாரச் சொத்து வரி, மாநில அரசு தரும் நிதி, மாணவர்கள் கட்டும் கட்டணம் ஆகியவற்றிலிருந்து வருகிறது. மிச்சத்தை ஊர் நன்கொடையாளர்கள் தாங்குகிறார்கள்.

அப்படியும் சிற்றூர்க் கல்லூரிகள் ஏன் புதுப்புது அணிகளைத் தொடங்குகின்றன? விடை மாணவர் சேர்க்கையில் இருக்கிறது. ஆட வேண்டுமானால் மாணவர் முழுநேரமாகப் படிக்க வேண்டும். ஒரு கல்விப் பருவத்துக்குக் குறைந்தது 12 கிரெடிட், அதாவது வாரப் பாட மணிக்கணக்கு. பல மாநிலங்களில் அரசு நிதி மாணவர் சேர்க்கையை ஒட்டியே வருகிறது. பேச்சுக்கு, ஒரு பேஸ்பால் அணிக்கு 30 பேர் வெளியூரிலிருந்து வந்து ஆளுக்கு ஆண்டுக்கு 4,000 டாலர் கட்டினால் 1,20,000 டாலர். அவர்கள் விடுதியில் தங்கினால் காலி அறைகளும் நிரம்பும். பயிற்சியாளர் சம்பளம், பேருந்து, மட்டை, பந்து எல்லாம் போக மிஞ்சுகிறது என்று நிர்வாகம் கணக்குக் காட்டும். இந்தக் கணக்கை இரண்டு இடத்தில் உரசிப் பார்க்க வேண்டும். அந்த 30 பேரில் எத்தனை பேர் அணியே இல்லாவிட்டாலும் அங்கே சேர்ந்திருப்பார்கள்? எத்தனை பேருக்குக் கட்டணத்தைக் கல்லூரியே தள்ளுபடி செய்திருக்கிறது? தள்ளுபடி செய்த கட்டணத்தை வருமானத்தில் எழுதினால், இடது பையிலிருந்து வலது பைக்கு மாற்றியதை லாபம் என்று எழுதியதாகும்.

இதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பது நல்ல விஷயம். 1994-இல் இயற்றிய ஒரு சட்டப்படி, மத்திய அரசின் மாணவர் உதவி நிதி பெறும் இருபாலர் கல்லூரிகள் ஆண் அணிகளுக்கும் பெண் அணிகளுக்கும் செய்த செலவை ஆண்டுதோறும் கல்வித் துறைக்குக் கொடுக்க வேண்டும். துறை அதைப் பொதுவில் வைக்கிறது. அந்த அட்டவணையில் பல கல்லூரிகளின் வரவும் செலவும் டாலர் சுத்தமாகச் சமமாக இருக்கும். விளையாட்டு தன் காலில் நிற்கிறது என்று அதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. கல்லூரி பொது நிதியிலிருந்து கொடுத்த தொகையும் ‘வரவு’ என்ற கட்டத்தில்தான் எழுதப்படுகிறது. பற்றாக்குறை முழுவதையும் அதுதான் அடைக்கிறது.

அடைக்க முடியாதபோது அணி போகிறது. அரிசோனாவில் மாரிகோப்பா கவுண்டியின் கல்லூரி நிர்வாகம், மேசா, ஃபீனிக்ஸ் உள்ளிட்ட தன் நான்கு கல்லூரிகளின் அமெரிக்கக் கால்பந்து அணிகளையும் 2018 பருவத்தோடு நிறுத்துவதாக அறிவித்தது. ஆண்டுச் செலவு ஏறத்தாழ 7,70,000 டாலர் என்றது. விளையாட்டுச் செலவில் கால்பந்தின் பங்கு ஐந்தில் ஒன்று. காப்பீட்டுச் செலவிலோ பத்தில் ஒன்பது. தலையில் அடிபடும் ஆட்டம் என்பதால் காப்பீடுதான் முதலில் கழுத்தைப் பிடிக்கிறது. ஒரு முடிவில் நான்கு ஊர்ப் பிள்ளைகளுக்கும் அந்த வழி அடைபட்டது. நிர்வாகத்தின் கணக்கு எனக்குப் புரிகிறது; அந்தப் பிள்ளைகளின் இழப்பு எந்தக் கட்டத்திலும் எழுதப்படவில்லை என்பதும் தெரிகிறது.

அண்மையில் இந்தச் சொல் நீதிமன்றம் வரை போனது. அமெரிக்கக் கால்பந்து வீரர் டியேகோ பவியா, நியூ மெக்சிகோ மிலிட்டரி இன்ஸ்டிட்யூட் என்ற ஜூகோவில் ஆடிவிட்டுப் பின்னர் வேண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். ஒரு வீரர் நான்கு பருவம்தான் ஆடலாம் என்ற தன் கணக்கில் ஜூகோவில் ஆடிய ஆண்டையும் என்.சி.ஏ.ஏ. கழிப்பது தவறு என்று அவர் வழக்குத் தொடுத்தார். வாதத்தின் மையம் பணம்: தன் பெயரையும் உருவத்தையும் வைத்துச் சம்பாதிக்கும் வாய்ப்பு ஜூகோவில் பெரும்பாலும் இல்லை, அப்படியிருக்க அந்த ஆண்டு ஏன் கணக்கில் வர வேண்டும்? 2024 டிசம்பரில் டென்னசி மாநிலத்தில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் அவருக்குச் சாதகமாக இடைக்காலத் தடை விதித்தது. அவரைப் போன்ற நிலையில் இருந்த மற்ற வீரர்களுக்கும் என்.சி.ஏ.ஏ. ஓராண்டு விலக்கு அளித்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘இளநிலைக் கல்லூரி’ என்று நேராகப் பெயர்த்தால் தமிழ்நாட்டு வாசகர் பட்டப்படிப்புக் கல்லூரி என்றே எடுத்துக்கொள்வார். இளநிலைப் பட்டம் என்றால் நமக்கு பி.ஏ., பி.எஸ்சி. தானே. ‘ஜூனியர் காலேஜ்’ என்றே விட்டால் ஆந்திரா, தெலங்கானா, மகாராஷ்டிராவில் 11, 12-ஆம் வகுப்பு. சிங்கப்பூர்த் தமிழில் ஜூனியர் காலேஜுக்கு ‘தொடக்கக் கல்லூரி’ என்ற அழகான பெயர் நிலைத்துவிட்டது. அது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு, இங்கே பொருந்தாது. இலங்கையில் கல்லூரி என்ற சொல்லையே பள்ளிகள் தம் பெயரில் தாங்கியிருக்கின்றன.

‘சமுதாயக் கல்லூரி’ என்பது கம்யூனிட்டி காலேஜுக்கு நம்மிடம் வழங்கும் பெயர். தமிழ்நாட்டிலும் புதுவையிலும் அது பெரும்பாலும் படிப்பை நிறுத்தியவர்களுக்குத் தொழிற்கல்வி தரும் இடம். அமெரிக்கக் கல்லூரியில் தொழிற்கல்வியும் உண்டு, இரண்டாண்டு படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் சேரும் வழியும் உண்டு. நிறுவனத்தைச் சொல்லும்போது இந்தப் பெயரை ஒரு வரி விளக்கத்தோடு பயன்படுத்தலாம். விளையாட்டுச் செய்தியில் வரும் ஜூகோவுக்கு ‘ஈராண்டுக் கல்லூரி’ என்பதே என் தேர்வு. நான்காண்டுக் கல்லூரியோடு உள்ள வேறுபாட்டை அது சட்டென்று காட்டிவிடும். ஈராண்டுக் கல்லூரி வீரர், ஈராண்டுக் கல்லூரி அணி என்று தொடர்களும் இயல்பாக அமையும்.

கூடவே வரும் பணச் சொற்களுக்கும் கவனம் வேண்டும். ஸ்காலர்ஷிப்பை உதவித்தொகை என்றால் வங்கிக் கணக்கில் காசு ஏறுவதாகத் தோன்றும். பெரும்பாலும் நடப்பது கட்டணத்தை வாங்காமல் விடுவது, ஆகவே ‘கட்டண விலக்கு’. தங்குமிடமும் சாப்பாடும் சேர்ந்தால், உண்டு உறைவிடப் பள்ளி என்ற பழகிய வழக்கைத் தொட்டு ‘உண்டு உறைவிடச் செலவு’. ஃபுல் ரைடு என்பதற்கு ‘முழுச் செலவேற்பு’; தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதியில் தங்கிப் படித்த பிள்ளைகளுக்கு இது விளக்காமலே விளங்கும். கிராண்ட் இன் எய்டு என்பதை மானியம் என்று எழுதவே கூடாது. நம் ஊரில் மானியம் கல்லூரிக்குப் போகும். அங்கே அது மாணவருக்கானது.

எழுதிக் காட்டினால் இப்படி வரும்: “புளோரிடா பல்கலைக்கழகத்திலிருந்து விலகிய அமெரிக்கக் கால்பந்து வீரர் கேம் நியூட்டன், 2009-இல் டெக்சஸ் மாநிலத்தின் பிளின் ஈராண்டுக் கல்லூரியில் ஆடி அதற்குத் தேசியப் பட்டம் வாங்கித் தந்தார், அடுத்த ஆண்டு ஆபர்ன் பல்கலைக்கழகத்துக்குப் போனார்.”