ஷாப்லிஃப்டிங் – கடைத்திருட்டு

வேலூர் லாங் பஜாரில் இதை ‘சுட்டுட்டாங்க’ என்பார்கள். செய்தித்தாளில் ‘ஜவுளிக்கடையில் கைவரிசை’ என்று வரும். ஷாப்லிஃப்டிங் என்ற சொல் பெரும்பாலும் சூப்பர் மார்க்கெட் நிர்வாகத்தில் புழங்குவது.

கடை திறந்திருக்கும்போது, வாங்க வந்தவர்போல நுழைந்து, பணம் கொடுக்காமல் பொருளை மறைத்து எடுத்துப்போவதுதான் இது. இரவில் ஷட்டரைப் பெயர்த்துத் திருடுவது இதில் சேராது.

‘லிஃப்ட்’ என்றால் தூக்குதல். 16-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கொச்சையிலேயே அதற்குத் திருடுதல் என்ற பொருளும் வந்துவிட்டது. அடுத்த நூற்றாண்டின் பிற்பகுதியில் ‘ஷாப்’ முன்னால் சேர்ந்துகொண்டது. 1699-இல் இங்கிலாந்து இயற்றிய சட்டப்படி, கடையில் 5 ஷில்லிங் பெறுமான பொருளைத் திருடினாலே மரண தண்டனை. 1820-களில்தான் அந்தக் கொடுமை நீங்கியது.

தமிழில் கடைத்திருட்டு என்பதே சரி. ‘கள்’ என்ற வேரிலிருந்து வந்த களவைச் சேர்த்து கடைக்களவு என்றும் சொல்லலாம். ஆனால் களவு இன்று பேச்சில் அருகிவிட்டது. சின்னப் பிள்ளைக்கும் புரிவது திருட்டுதான்.

இங்கே கடைத்திருட்டுக்கெனத் தனிச்சட்டம் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவின்படி, அபகரிக்கும் எண்ணத்தோடு, உடையவர் சம்மதமில்லாமல் பொருளை நகர்த்தினாலே திருட்டு. வாசலைத் தாண்டியிருக்க வேண்டியதில்லை. 3 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருள், முதல் குற்றம், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் சமூக சேவைதான் தண்டனை.

சரி, ஒரு பாக்கெட் போனால் கடைக்காரருக்கு என்ன குறைந்துவிடும்? 100 ரூபாய்ப் பொருளில் 10 ரூபாய் லாபம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று தொலைந்தால் அடக்கவிலை 90 ரூபாய் போயிற்று. அதை ஈடுகட்ட இன்னும் ஒன்பது பாக்கெட் விற்றாக வேண்டும். அந்த ஒன்பதிலும் அவருக்குக் கையில் நிற்பது ஒன்றுமில்லை. பெரிய நிறுவனம் தாங்கிக்கொள்ளும். நேதாஜி மார்க்கெட் பக்கத்துச் சிறு கடைக்காரர் எங்கே போவார்?

கூடவே வரும் இன்னொரு சொல் ‘ஷ்ரிங்கேஜ்’, அதாவது இருப்புக் குறைவு. கணக்கில் இருந்து அடுக்கில் இல்லாத சரக்கு. கடைத்திருட்டு, ஊழியர் திருட்டு, சேதாரம், பில் தவறு எல்லாம் அதில் கலந்திருக்கும். பிரித்தறிவது கஷ்டம். அதனால் ஒரு சேலை குறைந்தால், அந்தப் பிரிவில் நாளெல்லாம் நின்ற பெண்ணைத்தான் முதலில் கேட்பார்கள். சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் கடைகளும் உண்டு.