பாம்புத் தீவில் இரண்டாயிரம் விரியன்கள்: பிறகு ஏன் ‘மிக அருகிய இனம்’?

யூடியூபில் ‘பாம்புத் தீவு’ என்று தேடினால், சதுர மீட்டருக்கு ஒரு பாம்பு, ஐந்து பாம்பு என்று அளந்துவிடுகிறார்கள். பிரேசிலின் சாவோ பாவ்லோ கரையிலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் கெய்மாடா கிராண்டே தீவுதான் அது. பரப்பு 43 ஹெக்டேர், அதாவது 4,30,000 சதுர மீட்டர். மீட்டருக்கு ஒன்று என்றாலே நாலு லட்சத்தைத் தாண்ட வேண்டும். 2008இல் வெளியான ஆய்வின் மதிப்பீடோ சுமார் 2,100.

அங்கே மட்டுமே வாழும் தங்க ஈட்டித்தலை விரியனின் அறிவியல் பெயர் போத்ரோப்ஸ் இன்சுலாரிஸ். நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் குழிவிரியன்களின் துணைக்குடும்பம்தான் இதற்கும். 1920களின் தொடக்கத்தில் பிரேசில் பாம்பியலாளர் அஃப்ரானியோ தோ அமரால் இதை முதலில் விவரித்தபோது லாக்கெசிஸ் பேரினத்தில் வைத்தார். 2009இல் சிலர் போத்ரோபோய்டெஸ் என்று பிரித்தார்கள், அது நிலைக்கவில்லை. பழைய கட்டுரைகளைத் தேடுபவர்கள் மூன்று பெயரிலும் தேட வேண்டும், இல்லாவிட்டால் பாதி தரவு கைவிட்டுப் போகும்.

சிக்கல் பேரினத்தோடு முடியவில்லை. மரபணு மரம் வரைந்தால், இந்த விரியன் பெருநிலத்து ஜராராக்கா விரியனின் கிளைகளுக்கு உள்ளேயே போய் உட்காருகிறது. அப்படியானால் தனி இனமா, ஜராராக்காவின் தீவு வடிவமா? தனி இனம் என்பதே எங்கள் கருத்து. கடைசிப் பனியுகம் முடிந்து கடல்மட்டம் உயர்ந்ததில் ஏறத்தாழ 11,000 ஆண்டுகளாகத் தனித்துவிட்டது. தீவில் எலி கிடையாது. வளர்ந்த பாம்புக்கு வலசை வரும் சிறு பறவைகளே முக்கிய இரை, குட்டிகளுக்குப் பூரான், தவளை. ஜராராக்கா எலியைக் கடித்து விட்டுவிட்டு, மோப்பம் பிடித்துப் பின்தொடரும். பறவையை அப்படி விட்டால் பறந்து எங்கோ விழும். அதனால் இது கடித்த பிடியை விடுவதில்லை.

இந்த முடிவு வெறும் ஏட்டுச் சண்டை அல்ல. ஜராராக்கா பரவலாக வாழும் பாம்பு. அதற்குள் சேர்த்துவிட்டால் தீவுப் பாம்பின் ஆபத்து கணக்கிலேயே தெரியாது.

சரி, இரண்டாயிரம் இருக்கையில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் (ஐ.யு.சி.என்.) சிவப்புப் பட்டியல் ஏன் ‘மிக அருகிய இனம்’ என்கிறது? ‘ஏ’ முதல் ‘இ’ வரையிலான ஐந்து அளவுகோல்களில் ஒன்று பொருந்தினாலே போதும். எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் ‘டி’யில் முதிர்ந்தவை 50க்குக் கீழே இருக்க வேண்டும், அது இங்கே பொருந்தாது. பொருந்துவது ‘பி’: பரவல் எல்லை (வாழும் இடங்களை எல்லாம் சுற்றி வளைக்கும் பரப்பு) 100 சதுர கிலோமீட்டருக்கும், வாழுமிடப் பரப்பு (உண்மையில் வாழும் பரப்பு) 10 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. தீவே 0.43தான். சிறிய இடம் என்பது மட்டும் போதாது; ஒரே இடத்தில் வாழ்வது, வாழிடத் தரம் தொடர்ந்து குறைவது என்று இரண்டு துணை நிபந்தனைகளும் நிறைவேற வேண்டும். முன்பு காட்டை எரித்தது இரண்டாவதில் சேரும். கள்ளச்சந்தைக்குப் பிடிப்பது தனித் தலைவலி. பொதுமக்கள் தீவில் இறங்கத் தடை. ஆய்வாளர்களுக்கும் பிரேசில் அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐசிஎம்பயோவின் அனுமதி வேண்டும்.

பகிரப்படும் படங்களையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பளிச்சென்ற மஞ்சளில், கண்ணுக்கு மேல் இமைமயிர்போலச் செதில் துருத்திக்கொண்டிருந்தால் அது வேறு பேரினத்து இமை விரியன். தங்க ஈட்டித்தலைக்கு அந்தத் துருத்தல் கிடையாது. நிறமும் வெளிறிய வைக்கோல் மஞ்சள், முதுகில் மங்கலான பழுப்புத் திட்டுகள்.