மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் பையில் ‘அரும்பு’ எதற்கு? எண்ணும் எழுத்தும் திட்டத்தில் கணக்கு

“மூணாவது படிக்கிற பிள்ளைக்கு ஒண்ணாவது கணக்கைக் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்களே, ஏன் அக்கா?” எங்கள் தெருவில் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்கும் அம்மாக்களின் குரலில் கோபத்தைவிட அவமானம்தான் கூடுதலாக இருக்கும். தன் பிள்ளையை யாரோ கீழே இறக்கிவிட்டார்கள் என்ற நினைப்பு. அப்படி ஒன்றும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பிள்ளையின் பெயர், வருகைப் பதிவு, சான்றிதழ் எல்லாம் மூன்றாம் வகுப்பில்தான் இருக்கிறது. பயிற்சி மட்டும் அவள் இப்போது நிற்கும் இடத்திலிருந்து தொடங்குகிறது, அவ்வளவுதான்.

இதற்குப் பெயர் எண்ணும் எழுத்தும் திட்டம். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியது எல்லோருக்கும் நினைவிருக்கும். 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. இடையில் ஒன்றரை வருடத்துக்கு மேல் போய்விட்டது. அதாவது 2020-இல் ஒன்றாம் வகுப்பில் சேர்த்த பிள்ளை, வகுப்பறை பெஞ்சில் முதன்முதலாக உட்காரும்போது இரண்டாம் வகுப்பில் பாதி முடிந்திருந்தது. அந்த இழப்பைச் சரிசெய்ய முதலில் வந்தது, தன்னார்வலர்கள் மாலையில் வீட்டருகிலேயே சொல்லிக்கொடுக்கும் இல்லம் தேடிக் கல்வி, 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கியது. அப்புறம் 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் முதல்வர் மு.க. ஸ்டாலின் எண்ணும் எழுத்தும் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 8 வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளும் 2025-க்குள் பொருள் புரிந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் வேண்டும் என்பது அப்போது வைத்த இலக்கு. முதலில் அரசுப் பள்ளிகளில் 1 முதல் 3 வகுப்புகளுக்கு மட்டும் இருந்தது, 2023-24-இல் 4, 5 வகுப்புகளுக்கும் நீட்டித்தார்கள். தமிழ், ஆங்கிலம், கணக்கு எல்லாம் இதில் உண்டு. நான் இங்கே கணக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், நான் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தவரை வீட்டில் அதிக அழுகை நடப்பது கணக்கில்தான்.

வகுப்பில் நடப்பது இதுதான். தொடக்கத்தில் ஒரு சிறு சோதனை வைத்து, பிள்ளைக்கு எதுவரை வருகிறது என்று ஆசிரியர் பார்ப்பார். அதை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள். மேலோட்டமாகச் சொன்னால் அரும்பு ஒன்றாம் வகுப்புக்கான திறன், மொட்டு இரண்டாம் வகுப்புக்கு, மலர் மூன்றாம் வகுப்புக்கு. பயிற்சி நூலை இலவசமாகவே கொடுக்கிறார்கள், கடையில் வாங்க வேண்டியது எதுவும் இல்லை. யாராவது இதற்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஆசிரியருக்குத் தனியாகக் கையேடு உண்டு. பாட்டு, கதை, பொம்மலாட்டம், கையால் செய்து பார்க்கும் வேலை என்று வகுப்பறையிலேயே தனித்தனிக் களங்கள் இருக்கும். “ஸ்கூல்ல விளையாடிக்கிட்டே இருக்காங்க” என்று பிள்ளை வந்து சொன்னால் பெரும்பாலும் அது பாடம் நடக்கிற நேரம்தான். நடுநடுவே வளரறி மதிப்பீடு, பருவ முடிவில் தொகுத்தறி மதிப்பீடு. பிள்ளையை மிரட்டுவதற்கான பரீட்சை இல்லை இவை, அடுத்து எதைச் சொல்லிக்கொடுப்பது என்று ஆசிரியர் தெரிந்துகொள்வதற்கானவை. நிலையும் நிரந்தரமில்லை. அரும்பில் இருக்கும் பிள்ளை தேறியதும் மொட்டுக்குப் போகலாம், போக வேண்டும்.

சரி, எந்த வகுப்பில் எதுவரை வர வேண்டும்? இந்தியா முழுமைக்கும் நிபுண் பாரத் என்று 2021 ஜூலையில் ஒன்றிய அரசு தொடங்கிய இயக்கம் ஒன்று இருக்கிறது, அதில் இதற்கான அளவைத் தெளிவாக வைத்திருக்கிறார்கள். ஒன்றாம் வகுப்பு முடிவில் 99 வரை எண்களைப் படிக்க, எழுத வேண்டும், எளிய கூட்டல் கழித்தல் வர வேண்டும். இரண்டாம் வகுப்பில் 999 வரை எண்கள், 99 வரை கழித்தல். மூன்றாம் வகுப்பில் 9999 வரை எண்கள், எளிய பெருக்கல் கணக்குகள். இதைத் தாண்டி உங்கள் பிள்ளைக்கு ஏழு இலக்க எண்ணைக் கூட்டத் தெரியவில்லையே, பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பதினாறாம் வாய்ப்பாடு வருகிறதே என்று வருத்தப்பட வேண்டாம். எட்டு வயதுக்கு இது போதும், ஆனால் இது உறுதியாக வர வேண்டும்.

உறுதியாக என்பதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், இல்லம் தேடிக் கல்வியில் நான் தன்னார்வலராக இருந்தபோது மாலையில் எங்கள் திண்ணைக்கு வந்த ஒரு நான்காம் வகுப்புச் சிறுமி. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னேன். ஒரு நொடியில் 35 என்று எழுதினாள். எப்படி என்று கேட்டதற்கு, “ஏழுல ரெண்டு போனா அஞ்சு, அஞ்சுல ரெண்டு போனா மூணு” என்றாள். தப்பே இல்லாத கழித்தல்கள் இரண்டு, ஆனால் மொத்தம் தப்பு. மேலே இருக்கும் 2-இலிருந்து 7-ஐ எடுக்க முடியாது என்பதால், எது பெரியதோ அதிலிருந்து சிறியதை எடுத்துவிட்டாள். இந்தத் தப்பை எத்தனையோ பிள்ளைகள் செய்கிறார்கள். “கவனமில்லாமல் போட்டுட்டா” என்று இதைத் தாண்டிப் போனால் அந்தப் பிள்ளை ஏழாம் வகுப்பிலும் இதையே செய்வாள். 52 என்பது ஐந்தும் இரண்டும் இல்லை, ஐந்து பத்துகளும் இரண்டு ஒன்றுகளும் என்பது அவளுக்கு உள்ளே இறங்கவில்லை. இது இரண்டாம் வகுப்பில் விட்டுப்போன விஷயம். நான்காம் வகுப்புப் புத்தகத்தை எத்தனை முறை புரட்டினாலும் அது அங்கே கிடைக்காது.

அன்றைக்கு விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சி உருவி, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு ஐந்து கட்டு, உதிரியாக இரண்டு குச்சி வைத்தேன். இதில் 27 குச்சி எனக்குக் கொடு என்றேன். இரண்டு கட்டை உடனே நீட்டிவிட்டாள். ஏழு உதிரிக்குத் தடவினாள், இரண்டுதான் இருந்தது. கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, கேட்காமலேயே ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றினாள். பன்னிரண்டு உதிரி. ஏழை எடுத்துக் கொடுத்துவிட்டு மிச்சத்தை எண்ணி 25 என்றாள். நாம் படித்த காலத்தில் கடன் வாங்கிக் கழித்தல் என்று சொல்வோமே, பள்ளிப் புத்தகத்தில் அதற்கு இப்போது இனமாற்றம் என்று பெயர். அந்தப் பெயர்தான் எனக்குச் சரியாகப் படுகிறது. யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை, ஒரு பத்து பத்து ஒன்றுகளாக மாறுகிறது. பள்ளியில் இதையே ஆணிமணிச்சட்டத்தில் மணிகளைக் கோத்துக் காட்டுவார்கள்.

எண்களின் பெயரிலும் பிள்ளைகளுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது, வீட்டில் கவனித்தால் தெரியும். ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் மூன்றும் காதுக்கு ஒன்றுக்கொன்று குழப்பும். எண்பத்தொன்பதுக்கு அப்புறம் என்ன என்றால் எண்பத்துப் பத்து என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. அது மக்குத்தனம் இல்லை, அந்தப் பிள்ளை ஒரு ஒழுங்கைப் பிடித்திருக்கிறது, ஒழுங்கு எங்கே மாறுகிறது என்பது மட்டும்தான் தெரியவில்லை. அதேபோல முந்நூற்று ஐந்தை எழுதச் சொன்னால் 3005 என்று எழுதும். 300 எழுதி, பக்கத்தில் 5. காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறது. இதற்கும் கட்டும் குச்சியும்தான் மருந்து, அடி இல்லை.

அடி என்றதும் சட்டத்துக்கு வருகிறேன். குழந்தைகளுக்கான இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 25 சதவீத இடஒதுக்கீடு மட்டும்தான் அதில் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதன் 24-ஆம் பிரிவைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் ஆசிரியர் மதிப்பிட வேண்டும், தேவைப்பட்டால் கூடுதலாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும், பெற்றோரை அடிக்கடி கூட்டி வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் எல்லாவற்றையும் தெரிவிக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு ஆசிரியரின் கடமையாகவே எழுதி வைத்திருக்கிறது. அதனால் “என் பிள்ளை கணக்கில் எந்த நிலையில் இருக்கிறாள்?” என்று நீங்கள் கேட்பது யாரிடமும் சலுகை கேட்பது ஆகாது. 17-ஆம் பிரிவு உடலுக்கோ மனதுக்கோ துன்பம் தரும் தண்டனையைத் தடை செய்கிறது. வாய்ப்பாடு வரவில்லை என்று முட்டிபோட வைப்பதும் இதற்குள் அடங்கும். 28-ஆம் பிரிவின்படி ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது. 29-ஆம் பிரிவு பிள்ளை பயமில்லாமல் கற்க வேண்டும் என்கிறது.

தமிழ்நாட்டில் 8-ஆம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை. இது நல்ல ஏற்பாடு என்றுதான் நான் நினைக்கிறேன். எட்டு வயதுப் பிள்ளையைத் தோழிகளிடமிருந்து பிரித்து உட்கார வைப்பதால் கழித்தல் வந்துவிடாது. ஆனால் இதனாலேயே ஒரு ஆபத்தும் இருக்கிறது. தேர்ச்சி அட்டை வந்துவிடும், பெற்றோர் நிம்மதியாகிவிடுவார்கள், 52-இலிருந்து 27 போனால் 35 என்பது அப்படியே கூட வந்துகொண்டே இருக்கும். அந்த அட்டையைத் தாண்டிக் கேட்க வேண்டியது நாம்தான்.

எங்கே, எப்படிக் கேட்பது? முதலில் வகுப்பாசிரியரிடம். “நல்லாப் படிக்கிறாளா?” என்று கேட்டால் “பரவாயில்லை” என்றுதான் பதில் வரும். அதற்குப் பதில் கணக்கில் எந்த நிலை, போன மதிப்பீட்டில் எது வரவில்லை, வீட்டில் எதைப் பழக்கலாம் என்று கேளுங்கள். பயிற்சி நூலை வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். பக்கங்கள் காலியாக இருந்தாலும், எல்லாப் பிள்ளையின் நூலிலும் ஒரே விடை ஒரே மாதிரி எழுதியிருந்தாலும் விசாரிக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் கரும்பலகையில் விடையை எழுதிப் போட்டு, எல்லோரும் பார்த்து எழுதிக்கொண்டார்கள். நூல் நிறைந்துவிட்டது, பிள்ளைகளுக்கு ஒன்றும் வரவில்லை. பெற்றோர் மூன்று பேர் சேர்ந்து தலைமை ஆசிரியரிடம் பேசிய பிறகுதான் மாறியது. அங்கேயும் சரியாகவில்லை என்றால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். கூட்டத்துக்குப் போனால் கட்டடம், கழிப்பறையோடு நிறுத்தாமல் கணக்கையும் பேசுங்கள். அதற்கு மேல் வட்டாரக் கல்வி அலுவலர், இல்லையென்றால் கல்வி உதவி எண் 14417. போகும்போது ஒன்றை மனதில் வையுங்கள், பல தொடக்கப் பள்ளிகளில் ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்கிறார், அதோடு மதிப்பீட்டைக் கைபேசிச் செயலியில் ஏற்றும் வேலையும் அவருக்குத்தான். சண்டைக்குப் போவதுபோல் போகாமல், கூட நிற்பதுபோல் போனால் வேலை நடக்கும்.

வீட்டில் ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும், தாளும் பென்சிலும் இல்லாமலே. பத்துப் புளியங்கொட்டையை எண்ணி வைத்து, சிலதைக் கைக்குள் மறைத்து, வெளியே ஆறு இருக்கு, உள்ளே எத்தனை என்று கேளுங்கள். பத்தின் ஜோடிகள் இப்படி வந்துவிட்டால் பாதிக் கணக்கு வந்த மாதிரி. பரமபதம் ஆடும்போது 37-இல் நிற்கும் காயை ஐந்து கட்டம் நகர்த்தும் முன், எங்கே போய் நிற்கும் என்று சொல்லச் சொல்லுங்கள். கடைக்குக் கூட்டிப்போய் 34 ரூபாய்க்கு வாங்கி 50 ரூபாய் கொடுக்கச் சொல்லுங்கள். அண்ணாச்சி பெரும்பாலும் கழித்துப் பார்க்க மாட்டார், 34-க்கு ஆறு போட்டால் 40, பத்துப் போட்டால் 50 என்று ஏற்றிக்கொண்டு போய் 16 ரூபாயை நீட்டுவார். அதுவும் கழித்தல்தான் என்று அப்போது காட்டிவிடலாம். விரல்விட்டு எண்ணினால் தடுக்காதீர்கள், தேவை தீர்ந்ததும் தானாக விட்டுவிடும். வாய்ப்பாட்டையும் மனப்பாடத்தில் தொடங்க வேண்டாம், நான்கு தட்டில் மூன்று மூன்று முறுக்கு என்று வைத்துப் பார்த்த பிறகு மனப்பாடம் செய்யட்டும், அப்போது மறக்காது.

இல்லம் தேடிக் கல்வி மையங்கள் முன்பு இருந்த அளவுக்கு இப்போது இல்லை. உங்கள் பகுதியில் நடக்கிறதா என்று பள்ளியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், நடந்தால் அனுப்புங்கள், கட்டணம் கிடையாது. ஐந்தாம் வகுப்பைத் தாண்டிவிட்ட பிள்ளைக்கு என்ன வழி என்றால், 2025-26 முதல் 6 முதல் 9 வரை படிக்கும் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் திறன் என்ற திட்டம் வந்திருக்கிறது. தமிழ், ஆங்கிலம், கணக்கில் அடிப்படை விட்டுப்போனவர்களுக்குத் தனிப் பயிற்சி அது. அதிலும் முதலில் சோதனை வைத்துத்தான் பிரிப்பார்கள். ஆறாம் வகுப்பில் சேர்க்கும் அன்றே, கழித்தலில் பத்தைப் பிரிக்கும் இடத்தில் தடுமாறுகிறாள் என்று அந்த ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். அவர் அதைத் தானாகக் கண்டுபிடிக்க ஒரு பருவம் ஆகும், அந்த ஒரு பருவம் பிள்ளைக்கு மிச்சம்.