‘ஃப்ரெஷ்’ என்றால் எல்லா இடத்திலும் ‘புதிய’ அல்ல

குன்னூரில் ஒரு மீன் கடை வாசலில் பலகை: ‘புதிய நீர் மீன்கள் கிடைக்கும்’. எனக்கு முன்னால் நின்றவர் அதைப் படித்துவிட்டு, “தினமும் தொட்டித் தண்ணி மாத்துவீங்களாண்ணா?” என்று உண்மையாகவே கேட்டார். கடைக்காரருக்குக் கேள்வியே புரியவில்லை. ஆங்கில ‘ஃப்ரெஷ் வாட்டரை’ அப்படியே பெயர்த்த இந்தப் ‘புதிய நீர்’ சுற்றுலாக் கையேடுகளிலும் வந்துகொண்டே இருக்கிறது. பொறுக்க முடியவில்லை.

நன்னீர் என்ற சொல் நம்மிடம் எப்போதிலிருந்தோ இருக்கிறது. உப்பு இல்லாத நீர் நன்னீர். அவலாஞ்சி ஓடையின் டிரவுட் நன்னீர் மீன். ஆங்கிலச் சொல்லின் வேரும் இதையேதான் சொல்கிறது: பழைய ஆங்கிலத்தில் ‘ஃபெர்ஷ்’ என்றால் உப்பில்லாத. பிறகு பிரெஞ்சிலிருந்து வந்த உறவுச் சொல்லும் கலந்து, புதிய, வாடாத, குளிர்ந்த என்று பொருள் விரிந்தது. அந்த விரிவில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு எல்லா இடத்திலும் ‘புதிய’ போடுகிறார்கள்.

‘புதிய’ என்பது எப்போதும் பாராட்டும் அல்ல. புது அரிசி குழைந்துவிடும் என்று பழைய அரிசியைத் தேடி வாங்குகிறவர்கள் நாம். கேத்தி பாலாடாவில் பிடுங்கிக் கழுவி மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏற்றுகிறவர்கள் யாரும் ‘புத்தம் புதிய கேரட்’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. ‘இன்னிக்குப் பிடுங்குனது’ என்பார்கள். அதில் நாளும் இருக்கிறது, கையும் இருக்கிறது. ‘புதிய காற்றைச் சுவாசிக்க ஊட்டிக்கு வாருங்கள்’ என்கிறது இன்னொரு விளம்பரம். சுத்தமான காற்று என்று எழுத என்ன தடை? அப்புறம் ‘புதிய சாறு’. அப்போது பிழிந்த சாறு என்றால் குழந்தைக்கும் புரியும்.

எதிர்ச்சொல் எது என்று முதலில் கேட்டுப் பார்த்தால் சரியான சொல் தானே வரும். உப்பு நீருக்கு எதிர் நன்னீர். வாடிய பூவுக்கு எதிர் அன்று பூத்த பூ. கல்லூரியில் பழைய மாணவருக்கு எதிர் புதுமுக மாணவர். அங்கே ‘புது’ பொருந்துகிறது, சரி. காய்ந்ததற்கும் பதப்படுத்தியதற்கும் எதிர் பச்சை. கருவாடு ஒரு பக்கம், பச்சை மீன் மறுபக்கம். கூடலூர்ப் பக்கம் கொடியிலிருந்து பறித்த மிளகு பச்சை மிளகு. பச்சை மஞ்சள் என்கிறோமே, அதில் நிறமா பேசப்படுகிறது? காயாத ஈரம்தான் பேசப்படுகிறது. இவ்வளவு நுட்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டுகிற மொழிபெயர்ப்பாளர்கள் மேல்தான் என் வருத்தம்.

பறித்து, வாட்டுவதற்கு முன் உள்ள கொழுந்துக்கு நீலகிரியில் பசுந்தேயிலை என்று பெயர். அதன் விலை உயர்வுக்காகத்தான் சிறு விவசாயிகள் போராடுகிறார்கள். அதையும் யாராவது ‘புதிய தேயிலை’ என்று எழுதிவிட்டால், கோத்தகிரி விவசாயி ஏதோ புது ரக நாற்று வந்திருக்கிறது என்றுதான் நினைப்பார்.