வளையம்: வளைந்ததா, வளைத்ததா?

சனிக்கோளின் வளையம் என்றதும் கெட்டியான ஒரு தட்டு கண்முன் வந்து நிற்கிறது. உண்மையில் அது அப்படி இல்லை. இந்தத் தவறான எண்ணத்துக்கான பழி சொல்லின் மேலும் இருக்கிறது, படங்களின் மேலும் இருக்கிறது.

1610-இல் கலிலியோ தொலைநோக்கியில் பார்த்துவிட்டு, சனியின் இருபுறமும் இரண்டு கோள்கள் ஒட்டி நிற்பதாக நினைத்தார். 1659-இல் டச்சு வானியலாளர் ஹைகன்ஸ்தான், அது கோளை எங்கும் தொடாத மெல்லிய, தட்டையான 'ஆனுலுஸ்' என்று எழுதினார். லத்தீனில் அதற்கு மோதிரம் என்று பொருள். ஆங்கில 'ரிங்' என்பதும் அதே படத்தைத்தான் தருகிறது. மோதிரம் முழுதாக உருக்கி வார்த்த பொருள் அல்லவா? ஹைகன்ஸும் திண்மம் என்றே நம்பினார். திண்ம வளையம் நிலைத்து நிற்காது, எண்ணற்ற தனித்தனித் துண்டுகளாகத்தான் இருக்க முடியும் என்று இயற்பியலாளர் மாக்ஸ்வெல் கணக்கிட்டுக் காட்ட 1859 ஆயிற்று.

தமிழில் என்ன சொல்லலாம்? 'ஆழி' அழகான சொல், மோதிரத்தையும் குறிக்கும். ஆனால் கடல், சக்கரம் என்று அதற்கு வேலை அதிகம். 'பரிவேடம்' நிலவைச் சுற்றித் தெரியும் ஒளிவட்டத்துக்கு உரியது. அது நம் வளிமண்டலத்தின் வித்தை, இங்கே பொருந்தாது. 'வளையம்' போதும், 'கோள் வளையம்' இன்னும் தெளிவு.

அதன் வேர் 'வளை'. வளைதல் என்றால் கோணுதல். வளைத்தல் என்றால் சூழ்ந்துகொள்ளுதலும்தான். படை கோட்டையை வளைத்தது என்கிறோமே, அந்தப் பொருளைத்தான் இங்கே பிடித்துக்கொள்ள வேண்டும். சனியை வளைத்து நிற்பது ஒரு கூட்டம். பெரும்பாலும் நீர்ப்பனிக்கட்டி, மணல் போன்ற பொடியிலிருந்து வீட்டளவு பாறை வரை. (வீட்டளவுள்ளதையும் 'துகள்' என்று எழுதுவது எனக்கு உறுத்துகிறது, 'துண்டு' என்றால் என்ன குறை?)

கூட்டம் ஒரே வேகத்தில் நகர்வதுமில்லை. சனியின் முதன்மை வளையங்களில் உள்ளே இருப்பது சி, வெளியே இருப்பது ஏ. சி வளையத்தின் உள்விளிம்பில் உள்ள துண்டு 6 மணி நேரத்துக்குள் சனியைச் சுற்றிவிடும். ஏ வளையத்தின் வெளிவிளிம்பில் 14 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவில் உள்ளவை நொடிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் விரைந்தாலும், பக்கத்துத் துண்டோடு மோதும் வேகம் நொடிக்குச் சில மில்லிமீட்டர்தான். உரசிக்கொள்கின்றன என்பதே சரி.

தட்டை என்பது மட்டும் முழு உண்மை. முதன்மை வளையங்களின் குறுக்களவு சுமார் 2,80,000 கிலோமீட்டர். தடிமன் பல இடங்களில் 10 மீட்டர் அளவே. அந்த விகிதத்தில் சாதாரணத் தாளில் ஒரு வளையம் வெட்டினால், அது 3 கிலோமீட்டர் அகலத்துக்கு விரியும்.

யுரேனஸ் வளையங்கள் 1977-இலும் வியாழனுடையது 1979-இலும் தெரியவந்தன. அவை மங்கலானவை, மோதிரம் என்று எவரும் ஏமாற வாய்ப்பில்லை.