தோலில் விழும் படம்

களத்தில் வேகவைத்த மஞ்சளைக் காயப்போட்டுப் பகல் முழுவதும் கிளறினாலும் கை அன்றைக்கே நன்றாகக் கறுப்பதில்லை. இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வளையலுக்கு அடியில் மட்டும் பழைய நிறம் தங்கியிருப்பது தெரிகிறது, இது ஏன் என்று பெருந்துறை வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அமெரிக்கக் கலைஞர் டென்னிஸ் ஓப்பன்ஹைம் இதைத் தம் உடம்பிலேயே ஒரு படைப்பாகச் செய்து பார்த்தவர். 1970-இல் நியூயார்க் அருகே ஜோன்ஸ் கடற்கரையில், மார்பின்மேல் கனத்த புத்தகம் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு அவர் ஐந்து மணி நேரம் வெயிலில் மல்லாந்து கிடந்தார். முன்னும் பின்னும் எடுத்த இரண்டு புகைப்படங்கள் அந்தப் படைப்பில் உள்ளன; இரண்டாவதில் புத்தகம் இல்லை, சிவந்துபோன மார்பில் அது இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிகிறது. வரைபவன், தாள், வண்ணம் மூன்றும் ஒரே உடம்பானால், ஓவியன் செய்த செயல் எது?

அவர் மார்பில் தெரிந்த சிவப்பு, ரத்த நாளங்கள் விரிவதால் சில மணி நேரத்தில் வருவது. நம் வாசகர் கேட்கும் கறுமை தாமதமாக வருவது. அது பழைய கேமராவின் படச்சுருளை ஒத்தது. படச்சுருளில் பூசியிருக்கும், ஒளி பட்ட வெள்ளி ஹாலைடு படிகத்தில் முதலில் சில வெள்ளி அணுக்களே உருவாகின்றன என்பதும், கண்ணுக்குப் புலப்படாத அந்த உள்ளுறை பிம்பத்தை ரசாயனக் கரைசலே வெளிக்கொணர்கிறது என்பதும் தெரிந்த செய்திகள்.

தோலில் நடப்பது இதைவிட நுட்பமானது. சூரிய ஒளியிலுள்ள புற ஊதா பி கதிர், மேல்தோல் செல்லின் டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்து நிற்கும் தைமின் என்ற இரண்டு கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். இந்தச் சேதத்தால் தூண்டப்படும் பி53 என்ற புரதம் ஒரு ஹார்மோனைச் சுரக்கச் செய்ய, அந்தச் சேதி கிடைத்த நிறமிச் செல், டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து மெலனின் என்ற கருநிறமியை உண்டாக்கி, சிறு பொதிகளில் அடைத்து, கிளைகிளையாக நீண்ட தன் கரங்களின் வழியே சுற்றியுள்ள முப்பது நாற்பது செல்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது. இரண்டு மூன்று நாள் பிடிப்பது இதற்காகத்தான். பொதிகளை வாங்கிக்கொண்ட செல் அவற்றைக் கண்ட இடத்தில் போட்டுவிடுவதில்லை. டி.என்.ஏ. இருக்கும் உட்கருவின் வெயில் பார்த்த பக்கத்தில் மட்டும் சேர்த்து, குடை பிடித்தாற்போலக் கவித்துவிடுகிறது. கண்ணில்லாத செல் வெயில் வரும் திசையறிந்தாற்போலத் தன் டி.என்.ஏ.வை மறைத்துக்கொள்வதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

படச்சுருளில் பிம்பத்தை நிலைநிறுத்த ஹைப்போ என்ற ரசாயனம் உண்டு. தோலுக்கு அப்படி எதுவும் இல்லை. மேல்தோல் செல்கள் ஏறத்தாழ ஒரு மாதத்திலிருந்து ஒன்றரை மாதத்துக்குள் மேலெழுந்து உதிர்ந்துவிடுவதால், கறுமையும் அவற்றோடு போய்விடும். உடம்பில் நிகழ்ந்த கலைக்குப் புகைப்படம் தேவைப்பட்டதும் அது தோலில் நிலைக்காது என்பதால்தான்.

கொங்கு நாட்டில் காட்டு வேலைக்குப் போகும் பெண்கள் சேலைக்குமேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வது நல்ல அறிவியல். பெண் பார்க்க வந்த இடத்தில் ‘வெயில்ல கறுத்துட்டா’ என்று குறை சொல்வதும், கர்ப்பிணிக்குக் குங்குமப்பூப் பால் கொடுத்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்று நம்புவதும் அறியாமை. பிறவி நிறம் மரபணுக்களால் அமைவது. குங்குமப்பூ விற்கிற விலைக்கு முழுக்கைச் சட்டையே வாங்கிவிடலாம்.