கலவை கலையாமல் இருக்க வேண்டும்

சிலிக்கன் சோலார் பேனல்களை 25 ஆண்டு உத்தரவாதத்தோடு விற்கிறார்கள். கரிமச் சேர்மங்களால் ஆன சூரிய மின்கலத்துக்கு அப்படி உறுதி கொடுக்க இன்னும் யாருக்கும் துணிவு வரவில்லை. இத்தனைக்கும் அதை மைபோலக் கரைத்து பிளாஸ்டிக் தாளில் அச்சடிக்கலாம், சுருட்டி எடுத்துப் போகலாம். சிக்கல் எங்கே என்று தேடினால், அது எப்படி மின்சாரம் தருகிறதோ அதற்குள்ளேயேதான் இருக்கிறது.

சிலிக்கனில் ஒளி பட்டதும் எலெக்ட்ரான் விடுபட்டு ஓடிவிடும். கரிமப் பொருளில் அப்படி இல்லை. கிளம்பிய எலெக்ட்ரானும் அது விட்டுவந்த துளையும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு ஜோடியாகவே திரியும். இந்த ஜோடிக்கு எக்ஸிட்டான் என்று பெயர். அறை வெப்பத்தின் ஆற்றலைப்போலப் பத்து மடங்குக்கும் மேல் இருந்தால்தான் அதைப் பிரிக்க முடியும். பெரும்பாலான பொருட்களில் அது சுமார் 10 நானோமீட்டர் தூரம்தான் போகும். அதற்குள் பிரியாவிட்டால் எலெக்ட்ரான் துளையிலேயே விழுந்து, வாங்கிய ஆற்றல் வீணாகிவிடும்.

பிரிக்க வழி உண்டு. எலெக்ட்ரானைத் தரும் பொருள் ஒன்று, அதை ஆவலோடு வாங்கும் பொருள் ஒன்று. இரண்டும் தொடும் எல்லையில் ஜோடி பிரிந்துவிடும். கோடாக் நிறுவனத்தில் சிங் டாங் 1986இல் இவற்றை இரண்டு அடுக்குகளாக வைத்து, விழும் ஒளியில் சுமார் 1 சதவீதத்தை மின்சாரமாக்கும் திறனைக் காட்டினார். ஆனால் ஒளியை நன்றாக உறிஞ்ச 100 நானோமீட்டர் அளவுக்குத் தடிமன் வேண்டும். எல்லைக்குத் தள்ளிப் பிறந்த ஜோடிகளெல்லாம் வீண். 1995இல் ஆலன் ஹீகரின் கலிஃபோர்னியா குழு இரண்டையும் ஒரே கரைசலில் கலந்தது. ஜோடி எங்கே பிறந்தாலும் பக்கத்திலேயே ஓர் எல்லை இருக்கும். அதோடு, பிரிந்தவை மின்முனை வரை போக அறுபடாத பாதையும் வேண்டும். தறியில் ஊடும் பாவும்போல இரண்டும் பின்னிக்கிடக்க வேண்டும்.

அந்தப் பின்னலை யாரும் நெய்வதில்லை. சுழலும் கண்ணாடித் தகட்டில் குளோரோஃபார்ம் கரைசலைச் சொட்டுகிறார்கள். சில விநாடிகளில் கரைப்பான் ஆவியாகிவிடுகிறது. மூலக்கூறுகள் அந்த நொடியில் இருந்த இடத்திலேயே உறைந்துவிடுகின்றன. மெதுவாகக் காய்ந்தால் கட்டி தட்டும், வேகமாகக் காய்ந்தால் பாதை உருவாகாது. சீனாவின் சாங்ஷாவில் ஸோ யிங்பிங் குழு உருவாக்கிய, எலெக்ட்ரானை வாங்கும் ஒய்6 மூலக்கூறு 2019இல் 15.7 சதவீதம் தந்தபோது, கரைசலில் அரை சதவீதம் குளோரோநாஃப்தலீன் சேர்த்திருந்தார்கள். காயும் வேகத்தைப் பிடித்து நிறுத்த அந்தத் துளி போதும். அப்புறம் ஆய்வகத் திறன் 20 சதவீதத்தைத் தொட்டுவிட்டது.

அவசரத்தில் உறைந்த அமைப்பு நிம்மதியாக இருக்காது. சூடு ஏறினால் மூலக்கூறுகள் நகரும், இனத்தோடு இனம் சேரும், எல்லைகள் குறையும். ஒய்6 போன்ற சிறிய மூலக்கூறுகள் இதில் வெகு சுலபமாக நகர்கின்றன. அதனால் இரண்டு மூன்றைக் கோத்தோ, நீண்ட பாலிமராக்கியோ அவற்றைக் கனமாக்குகிறார்கள். கனமானவை எளிதில் நகராது. திறனைப் பெரிதாக இழக்காமல் ஆயுளைக் கூட்டும் இந்த வழியில்தான் எனக்கு அதிக நம்பிக்கை.

அக்கம்பக்கத்து அடுக்குகளும் சும்மா இருப்பதில்லை. எலெக்ட்ரானை வாங்கிக் கடத்தும் துத்தநாக ஆக்சைடு, புற ஊதா ஒளி பட்டால் தன்மேல் இருக்கும் ஒய்6 வகை மூலக்கூறின் இரட்டைப் பிணைப்பை உடைத்துவிடும். மறுபக்கம் துளைகளைக் கடத்தப் பூசும் பெடாட் பாலிமர் அமிலத்தன்மை கொண்டது. ஈரத்தை இழுத்து, கீழே உள்ள மின்முனையை அரிக்கும். அதனிடத்தில் ஒரே மூலக்கூறு தடிமனில் தானாக அடுக்கிக்கொள்ளும் படலம் இப்போது வந்திருக்கிறது. காற்றும் ஈரமும் புகாமல் உறை போடுவது தெரிந்த வேலை, செலவுதான் கேள்வி.

எனவே புதிய சாதனை என்று செய்தி வந்தால் திறனை மட்டும் பார்க்காதீர்கள். டி80 எவ்வளவு, அதாவது திறன் தொடக்கத்தில் இருந்ததில் 80 சதவீதமாகக் குறைய எத்தனை மணி நேரம் ஆனது என்று பாருங்கள். எந்த ஒளியில், எந்த வெப்பத்தில் என்றும் பாருங்கள். புற ஊதாவே இல்லாத எல்இடி விளக்கின் கீழ், நைட்ரஜன் பெட்டிக்குள் பல சோதனைகள் நடக்கின்றன. கோடையில் கூரைமேல் இருக்கும் பேனலோ 60 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும்.

வீட்டுக்குள் எரியும் விளக்கொளியில் அந்தச் சூடும் இல்லை, புற ஊதாவும் ஏறக்குறைய இல்லை. உறிஞ்சும் நிறத்தை அந்த ஒளிக்கு ஏற்றபடி மூலக்கூறிலேயே மாற்றியமைக்கவும் முடியும். பேட்டரி மாற்ற வேண்டாத சிறிய சென்சார்களுக்கு இந்த மின்கலம் இன்றைய ஆயுளோடேயே பொருந்துகிறது.